இரண்டு வெளிநாட்டவர் மட்டும்

"நாம ஜெயிச்சிட்டோம்கா!" என்று என் தம்பி அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து, சிங்கப்பூர் ஜாலான் புசாரில் நாங்கள் வழக்கமாகப் போகும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். ஐரோப்பியக் கிளப் கோப்பையின் அரையிறுதி அந்த வாரம்தான் நடந்திருந்தது. தம்பிக்கு முப்பத்தெட்டு வயது. பூசைக்கும் தன் கிளப்பின் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அந்தக் கிளப் இருக்கும் ஊரில் அவன் கால் வைத்ததில்லை. ஆனாலும் 'நாம'.

எனக்கும் கால்பந்து பிடிக்கும். சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். நாளெல்லாம் பெட்டிகளின் மேல் நாட்டுப் பெயர்களைப் பார்த்துப் பார்த்தோ என்னவோ, ஆட்டம் தொடங்குமுன் பதினோரு பேரும் வரிசையாக நிற்கும்போது யார் எந்த நாடு என்று வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. பிரேசில், உருகுவே, செனகல், எகிப்து, நார்வே, கொரியா. அந்த ஊரிலேயே பிறந்தவன் ஒருவன் இருந்தால் அதிசயம். ஒரு நாட்டில் பிறந்து, இன்னொரு நாட்டில் வளர்ந்து, அப்பா பிறந்த மூன்றாவது நாட்டுக்கு ஆடுகிறவனும் அதில் இருப்பான்.

"உங்க டீம்ல அந்த நாட்டுக்காரன் எத்தனை பேருடா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாருக்கா பாக்குறா? நல்லா ஆடுனா நம்ம ஆளு லா."

அங்கேயும் எல்லாம் ஒழுங்கில்லை என்று எனக்குத் தெரியும். பெனால்ட்டியை வெளியே அடித்துவிட்டால் அதே ரசிகன் அவனுடைய நிறத்தைச் சொல்லித் திட்டுகிறான். கோல் போட்டால் நம்ம பையன், தவறவிட்டால் எங்கிருந்தோ வந்தவன். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். ஆனால் அது தொலைவில் எங்கோ நடக்கிற அசிங்கம் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் பங்கின் தமிழ்க் குழுவுக்கு நான்தான் அப்போது செயலாளர். வருடத்துக்கு ஒருமுறை நாலைந்து மாதா கோயில்களின் தமிழ்க் குழுக்கள் சேர்ந்து, அணிக்கு ஏழு பேர் என்று கால்பந்துப் போட்டி வைப்பார்கள். எங்கள் அணிக்குத் தம்பி கேப்டன். நான் மேனேஜர். மேனேஜர் என்றால் பதிவுப் படிவம் நிரப்புவது, தண்ணீர் வாங்குவது, சுளுக்குக்கு ஸ்பிரே அடிப்பது.

அந்த வருடம் எங்களுக்கு ஓர் ஆட்டக்காரர் கிடைத்திருந்தார். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர். இருபத்தெட்டு வயதிருக்கும். துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டர். பூன் லேயைத் தாண்டி ஒரு டோமிட்டரியில், வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியில், தங்கியிருந்தார். ஞாயிறுதோறும் பஸ்ஸும் எம்ஆர்டி ரயிலும் மாறி, ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து தமிழ்ப் பூசைக்கு வருவார். முதல் வாரம் கடைசி வரிசையில் நின்றவரை, பாட்டுக் குழுவில் ஆண்குரல் குறைகிறது என்று நான்தான் முன்னால் இழுத்துக்கொண்டு வந்தேன். பேச்சுவாக்கில் கால்பந்து வந்தது. அவர்கள் ஊரில் கடல்மணலில் நடக்கப் பழகும்போதே பந்தையும் உதைக்கப் பழகிவிடுவார்களாம். சும்மா பெருமை பேசுகிறார் என்று நினைத்தேன். பயிற்சிக்கு வந்து பத்து நிமிடம் ஆடியதும் தம்பியே வாயைத் திறந்துகொண்டு நின்றான். பந்து அவர் காலைவிட்டு விலகவே இல்லை. வெறுங்காலோடு ஆடினார். பிறகு நாங்கள்தான் பூட்ஸ் போட்டே ஆக வேண்டும் என்று சொன்னோம்.

இரண்டு மாதம் எங்களோடு பயிற்சி செய்தார். நாங்கள் பார்க்கும் ஆட்டங்களைப் பற்றியும் பேசுவார். எந்த ஆட்டக்காரன் எந்தத் தீவில் பிறந்தான், எந்த வயதில் ஊரைவிட்டுப் போனான் என்பதெல்லாம் என்னைவிட அவருக்கு அதிகம் தெரியும். "அங்க பெஞ்சுல இருக்கவன்கூட வெளிநாட்டுக்காரன்தான்க்கா. ஆனா ஒரே சட்டை" என்றார் ஒருநாள்.

போட்டிக்கு ஒரு மாதம் முன்னால் எல்லாக் குழுக்களும் கூடிய கூட்டத்தில் அந்த விதி வந்தது. ஓர் அணியில் இரண்டு வெளிநாட்டவருக்கு மேல் பெயர் கொடுக்கக் கூடாது. ஏற்பாட்டுக் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், மரியாதைக்குரியவர். முந்தைய வருடம் ஜெயித்த அணியில் ஆறு பேர் வேலை பெர்மிட்டில் வந்த வெளிநாட்டவர்களாம், புகார் வந்ததாம்.

"லோக்கல் பசங்களுக்கு சான்ஸ் கெடைக்கணும்மா. இவங்க வர்றாங்க, ரெண்டு வருஷத்துல போயிடுறாங்க" என்றார்.

"அண்ணே, நமக்குப் பூசை வைக்கிற ஃபாதர் திருச்சிக்காரர். அவரும் ரெண்டு வருஷத்துல மாறிப் போயிடுவாரு. அவரை எந்தக் கணக்குல சேக்குறது?"

நாலு பேர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "அது வேற, இது வேற" என்றார். எப்படி வேறு என்று கேட்டேன். கையைத் தூக்கச் சொன்னார்கள். விதிக்கு ஆதரவாக உயர்ந்த கைகளில் என் தம்பியின் கையும் ஒன்று.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "நல்லா ஆடுனா நம்ம ஆளுன்னு சொன்னது யாருடா?"

"அக்கா, அது ப்ரொஃபெஷனல். இது நம்ம கோயில் கேம். போன வருஷம் நம்ம டீம்ல வெளிநாட்டு ஆளுங்கதான் ஆடுனாங்க, ஃபுல் டே நான் வெளிய உக்காந்திருந்தேன், தெரியுமில்ல? ஏன் பேசாம இருந்தேன்னு நீ கேட்டியா?"

அது உண்மைதான். நான் கேட்டதில்லை. அவனுக்கும் ஒரு வலி இருந்தது. ஆனால் தன் வலிக்கு இன்னொருவரை வெளியே உட்கார வைப்பதா மருந்து?

எங்கள் அணியில் குடியுரிமை இல்லாதவர்கள் மூன்று பேர். வெல்டர், ஒரு பொறியாளர், வங்கியொன்றில் கணினி வேலை பார்க்கும் ஒருவர். மூன்றாமவர் நல்ல மனிதர், ஆனால் பத்தடி ஓடினால் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். நான் படிவத்தில் வெல்டரின் பெயரையும் பொறியாளரின் பெயரையும் எழுதி, ஒப்படைக்கச் சொல்லித் தம்பியிடம் கொடுத்தேன்.

போட்டி நடந்தது பூன் லேயிலேயே ஒரு திடலில். நான் எட்டு மணிக்குப் போனபோது வெல்டர் தன் டோமிட்டரி நண்பர்கள் மூவரோடு கூடாரக் கம்பிகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஆறரை மணிக்கே வரச் சொன்னார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு வந்திருந்தார். பூட்ஸைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

பதிவு மேசையில் பட்டியலை என் கையெழுத்துக்காக நீட்டினார்கள். என் எழுத்தில் இருந்த ஒரு பெயரின் மேல் நீல மையில் கோடு. பக்கத்தில், தம்பியின் எழுத்தில், வங்கிக்காரரின் பெயர்.

"இது என்னடா?"

"அவருதான்க்கா ஜெர்சி எல்லாம் எடுத்துக் குடுத்தாரு. எப்படி வேணாம்னு சொல்றது?"

"அதுக்கு? இவரு காலைல இருந்து உனக்கு டெண்ட் அடிச்சுக் குடுத்திருக்காரு. இவர்கிட்ட மட்டும் எப்படிச் சொன்ன?"

சொல்லவில்லை. யாருமே அவரிடம் சொல்லவில்லை. வெளிநாட்டவர் என்பதுதான் விதி என்றால் மூன்று பேரும் வெளிநாட்டவர்தானே? அதிலும் கொண்டோ அடுக்குமாடியில் குடியிருக்கிற வெளிநாட்டவர் உள்ளே, டோமிட்டரியில் இருக்கிற வெளிநாட்டவர் வெளியே. நான் பேனாவை மேசையில் வைத்துவிட்டேன். மேனேஜர் கையெழுத்து இல்லாமல் அணி இறங்க முடியாது. தலைவர் வந்தார். "ஃபேமிலி டேம்மா இது, சண்டை வேணாம்" என்றார். என் குரல் உயர்ந்தது. சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்துக்குள்ளிருந்து வெல்டரே வந்தார். விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கையெழுத்துப் போடுங்கக்கா. மத்தவங்க வெளயாடட்டும்."

"நீங்க சும்மா இருங்க. இது நியாயமே இல்லை."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்காகச் சண்டை போடாதீங்கக்கா. அடுத்த வாரம் பூசைக்கு வந்து நிக்கப்போறது நான். எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க."

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். பட்டியலில் பெயர் இல்லை என்பதைவிட, இத்தனை பேர் முன்னால் தன் பெயர் அடிபடுவதில் கூசிப்போயிருந்தார். கையெழுத்துப் போட்டேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே கோபம் வருகிறது. போடாமல் இருந்திருந்தாலும் வந்திருக்கும்.

அதோடு விட்டிருக்கலாம். அரை மணி நேரத்தில் தலைவர், எல்லைக்கோட்டில் நிற்க ஆள் குறைகிறது என்று சொல்லி, "தம்பி, நீ ஃப்ரீயாதானே இருக்கே?" என்று வெல்டரின் கையில் ஒரு கொடியைக் கொடுத்தார். அவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். பூட்ஸை என்னிடம் கொடுத்துவிட்டு, செருப்போடு, அந்த வெயிலில் கோட்டோரமாக மேலும் கீழும் ஓடினார். நான் கூடார நிழலில் அவருடைய பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் இரண்டாவது ஆட்டம். ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். கடைசி நிமிடங்களில் தம்பி பந்தைக் கோட்டோரமாகத் தட்டிக்கொண்டு போய் நடுவில் அடிக்க, பொறியாளர் அதைக் கோலாக்கினார். எல்லாரும் துள்ளினார்கள். கொடி உயர்ந்திருந்தது. தம்பி அடிக்குமுன் பந்து கோட்டைத் தாண்டியிருந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது, ஒரு சாண் வெளியே. நடுவர் கோல் இல்லை என்றார்.

தம்பி நேராகக் கொடி பிடித்தவரிடம் போனான். "டேய், நீ எங்க டீம்தானே? யார் பக்கம்டா நீ?"

"பந்து வெளிய போச்சுண்ணே" என்றார் அவர்.

நான் எழுந்து போனது எனக்கு நினைவில்லை. தம்பிக்கு முன்னால் நின்றது நினைவிருக்கிறது. "அவரு யார் பக்கம்னு காலைல பேனா எடுத்துக் கோடு போட்டியே, அப்பவே நீ முடிவு பண்ணிட்டே. இப்ப எந்த வாயால கேக்குறே?" என்று கத்தினேன். தம்பி முகம் சிவந்து அப்படியே நின்றான். தலைவர் மைக்கில், "ஆட்டம் தொடரட்டும், ஆட்டம் தொடரட்டும்" என்றார். தொடர்ந்தது. தோற்றோம்.

அன்று சாயங்காலமே செயலாளர் பதவியை விட்டேன். ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். விதியை எடுக்க முடியாவிட்டால், கூடாரம் அடிக்கவும் கொடி பிடிக்கவும் இரண்டு வெளிநாட்டவருக்கு மேல் கூப்பிடக் கூடாது என்றும் ஒரு விதி சேருங்கள் என்று கேட்டிருந்தேன். 'உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம்' என்று ஒரு வரி பதில் வந்தது. அடுத்த வருடம் இரண்டை மூன்றாக்கினார்கள். அதைப் பெரிய மனதுபோல அறிவித்தார்கள். சிலர் என்னிடம் வந்து, "பாருங்க, உங்களாலதான்" என்று கை கொடுத்தார்கள். எனக்குக் கை கொடுக்கவே பிடிக்கவில்லை.

தம்பியும் நானும் இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு அம்மாவின் கண் அறுவைக்காகப் பேச வேண்டியிருந்தது, பேசினோம். அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

அந்தப் போட்டிக்குப் பிறகு வெல்டர் சில வாரம் பூசைக்கு வரவில்லை. கூச்சத்தில் நின்றுவிட்டார், அதற்கு நானும் ஒரு காரணம் என்று மனம் அடித்துக்கொண்டது. ஒரு ஞாயிறு மதியம் பூன் லே போய் அவருக்குப் போன் செய்தேன். டோமிட்டரிக்குப் பக்கத்தில் ஒரு காலித் திடலுக்கு வரச் சொன்னார். அங்கே இரண்டு பக்கமும் கல்லை வைத்துக் கோல் கட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். தமிழர்கள், வங்காளதேசத்தவர், இரண்டு சீன இளைஞர்கள், ஒரு பர்மாக்காரர். யாருக்கும் ஒரே நிறச் சட்டை இல்லை.

ஆட்டம் முடிந்து வியர்வையோடு வந்தார். ஞாயிறு ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், அதுதான் பூசைக்கு வர முடியவில்லை என்றார். நம்பினேனா என்று தெரியவில்லை.

"உங்க தம்பி வந்திருந்தாருக்கா, போன வாரம்" என்றார்.

"எதுக்கு?"

"சும்மாதான். ரெண்டு டீ வாங்கிட்டு வந்தாரு. கொஞ்ச நேரம் நின்னு ஆட்டம் பாத்தாரு. அப்புறம், அன்னைக்கு பந்து வெளிய போனது எனக்குத் தெரியும்னு சொன்னாரு."

"மன்னிப்புக் கேட்டானா?"

அவர் சிரித்தார். "அதான் கேட்டாரேக்கா."

அது மன்னிப்பா? பந்தைப் பற்றித்தானே சொல்லியிருக்கிறான், அந்த நீலக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று நான் பொரிந்தேன். அதற்குள் அடுத்த ஆட்டத்துக்கு ஆள் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார்.