கண்மாய்க் கரையில் ஒரு டயர்த் தடம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னுடைய சைக்கிளின் டயர்த் தடத்தைப் பார்த்துவிட்டு, இன்னொருவர் திருட்டுத்தனம் செய்துவிட்டார் என்று ஊர்க் கூட்டத்துக்கு நடுவே நின்று கத்தியவன் நான். மதுரை வட்டாரத்தில் இப்படி ஒரு சாதனையை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். அதற்குப் பரிசாக ஒரு பித்தளை அண்டாவும் கொடுத்தார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. செல்லூரில் ஒரு பவர்லூம் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்து மூன்று. எடை என் சைக்கிளைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அறுப்பு முடிந்த பிறகு, தையிலிருந்து பங்குனி வரை மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் திருவிழாவோடு சைக்கிள் பந்தயமும் வைப்பார்கள். தார் ரோட்டுப் பந்தயம் அல்ல. அறுத்த வயல், வண்டிப்பாதை, வற்றிய கண்மாய், அதற்குள் கருவேல முள், வாய்க்கால், மறுபடி வயல் என்று சுற்றி வரவேண்டும். வாய்க்கால் வந்தால் இறங்கி, சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு தாண்டி, மறுபடி ஏறி மிதிக்கவேண்டும். பாதித் தூரம் நாம் சைக்கிள்மேல் போவோம், மீதித் தூரம் சைக்கிள் நம்மேல் வரும்.

பந்தயத்துக்கு முன்னால் எல்லோரும் சைக்கிளை உரிப்பார்கள். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர், பெல் எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கில் போட்டுவிட்டால் எடை குறையும். நான் ஒரு படி மேலே போய் முன் பிரேக்கையும் கழற்றிவிட்டேன். ஜெயிக்கப் போகிறவனுக்கு எதற்கு நிற்கிற வேலை என்பது என் கணக்கு. பின் டயர் மட்டும் ஒரு இடத்தில் கிழிந்திருந்ததால், பழைய டயர்த் துண்டு ஒன்றை வெளியே சுற்றிக் கட்டியிருந்தேன். சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் அந்த ஒட்டு தரையில் பட்டு 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். நான் வருவது தெருவுக்கே தெரியும்.

அந்த சீசனில் ஐந்து பந்தயம் ஓட்டினேன். முதல் நான்கிலும் எனக்கு இரண்டாம் இடம். நான்கிலும் முதலிடம் ஒரே ஆளுக்கு.

அவர் ஒரு பால்காரர். நாற்பதைத் தாண்டியவர். திருநகருக்கு மேற்கே உள்ள கிராமங்களில் வீடு வீடாகப் பால் வாங்கி, கேன்களில் ஊற்றிக்கொண்டு செல்லூர் டீக்கடைகளுக்குக் கொண்டுவருவார். காலையில் நான் குடித்த டீயே அவர் பாலில் போட்டதுதான். பந்தயத்துக்கு வந்தால் கேன்களை மட்டும் இறக்கி ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்படியே ஏறிவிடுவார். மட்கார்டு உண்டு, கேரியர் உண்டு, கேன் மாட்டுகிற கொக்கி உண்டு. பெல்லும் உண்டு. என்னைத் தாண்டும்போது அந்த பெல்லை இரண்டு தடவை அடித்து, "ஓரமாப் போ மாப்ள" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. தறிச் சத்தத்துக்கு நடுவிலும் அந்த பெல் கேட்கும். நூல் அறுந்தால் அவரை வைவேன். டீயில் ஆடை மிதந்தால் அவரை வைவேன். நான்காவது பந்தயத்துக்குப் பிறகு அவர் பாலே வேண்டாம் என்று பத்து நாள் வரக்காப்பி குடித்தேன். அப்படி ஒரு போராட்டம் நடந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. தினமும் இரண்டு கேன் பாலோடு அதே வாய்க்கால்களைத் தாண்டுகிறவருக்கு வெறும் சைக்கிள் எம்மாத்திரம் என்று யோசித்திருக்கலாம். யோசிக்க மூளை வேண்டும். என்னிடம் அப்போது இருந்தது கோபம் மட்டும்தான்.

ஐந்தாவது பந்தயம் அவர் பால் வாங்குகிற ஊர்களில் ஒன்றில் நடந்தது. அந்த ஊர்க் கண்மாய்க் கரை முந்தைய மழையில் உடைந்து, ஊரே சேர்ந்து மண் சுமந்து அடைத்திருந்தது. தண்ணீர் தெளித்து இறுக்கிக்கொண்டிருந்த புது மண். அதில் சக்கரத் தடம் பதிந்தால், அடுத்த மழைத் தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்தே அரித்துக்கொண்டு இறங்கிவிடும். அதனால் கரைமேல் யாரும் சைக்கிளை உருட்டக் கூடாது, முழுத் தூரமும் தோளில்தான் தூக்கிப் போகவேண்டும் என்று கட்டுப்பாடு. மீறினால் பந்தயத்திலிருந்து நீக்குவதோடு, நூறு கூடை மண் சுமந்து கரையில் கொட்டவேண்டும். கரையைக் கெடுத்தவர் யாராக இருந்தாலும் அந்த ஊரில் அதுதான் வழக்கம்.

இதைக் கேள்விப்பட்டு, முந்தின நாள் சாயங்காலம் பட்டறை விட்டதும் கரையைப் பார்த்துவர நேரே அங்கே போனேன். இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தோள் கழன்றுவிட்டது. திரும்பும்போது கருவேல மரங்கள் மறைத்த ஒரு வளைவில் நின்று சுற்றிப் பார்த்தேன். ஈ காக்கை இல்லை. அந்த வளைவு முடியும் வரை ஏறி உட்கார்ந்து மிதித்து வந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்ததும் அதை மறந்தும்விட்டேன்.

மறுநாள் காலை பந்தயத்தில் கரை ஏறும்போது எனக்கு முன்னால் பால்காரர் ஒருவர்தான். கரை நடுவில் வளையும். அந்த வளைவைக் கருவேல மரங்கள் மறைத்திருக்கும். அவர் வளைவுக்குள் போய் மறைந்தார். நான் சைக்கிளைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்கி வளைவுக்கு வந்து குனிந்தால், புது மண்ணில் பளிச்சென்று ஒரு டயர்த் தடம்.

எனக்குள் ஏதோ வெடித்தது. நான் கழுதைமாதிரி சுமக்கிறேன், இந்த ஆள் உருட்டிக்கொண்டு போகிறாரா? நான்கு பந்தயத்திலும் இப்படித்தான் ஜெயித்தாரா? நேற்று என்று ஒரு நாள் இருந்ததே அந்தக் கோபத்தில் எனக்கு நினைவில்லை. எல்லைக் கோட்டைத் தொட்டதும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு விழாக் கமிட்டியிடம் ஓடினேன். மைக் வைத்திருந்தவரின் கையைப் பிடித்து இழுத்தேன். கரையில் தடம் இருக்கிறது, எனக்கு முன்னால் போனது ஒரே ஆள், மீதியை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள் என்று கத்தினேன்.

கரைக் கடைசியில் காவலுக்கு நிறுத்தியிருந்தவரைக் கேட்டார்கள். வளைவுக்குள் நடந்தது தனக்குத் தெரியாது என்றார். உடனே கூட்டமே தடத்தைப் பார்க்கக் கரைக்கு ஓடியது. முதலில் போன நாலு பேர் பார்த்தார்கள். பின்னால் போனவர்கள் தடத்தின்மேல் ஏறி நின்றுகொண்டு தடம் எங்கே என்று கேட்டார்கள். ஒரு டயர் செய்த சேதத்தைவிட அத்தனை கால்கள் செய்தது பல மடங்கு. அதற்கு யாருக்கும் தண்டனை இல்லை.

பால்காரர் ஒரே வாக்கியம்தான் சொன்னார். "நான் தூக்கிட்டுத்தான் வந்தேன்."

"கேன் இல்லாம தூக்க அவருக்குத் தோது வராதுப்பா, அதான் உருட்டிட்டாரு" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அதில் என் சிரிப்புதான் பெரிது.

அதற்குப் பிறகு அவர் வாதாடவில்லை. துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு கூடையை எடுத்தார். கண்மாய்க்குள் இறங்கி மண் வெட்டி, கரை ஏறிக் கொட்டி, மறுபடி இறங்கி, உச்சி வெயிலில் நூறு கூடை. சத்தம் போட்டு எண்ணுவதற்கு மைக் வைத்திருந்தவர் ஒரு ஆளை நிறுத்தியிருந்தார். நான் பந்தல் நிழலில் உட்கார்ந்து கலர் சோடா குடித்துக்கொண்டே அந்த எண்ணிக்கையைக் கேட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் பரிசு அண்டாவை என் கையில் கொடுத்தார்கள். அப்போதுதான் உறைத்தது, சைக்கிளில் கேரியர் இல்லை. கேரியர் வீட்டில் சாக்குக்குள் இருக்கிறது. துண்டால் அண்டாவை முதுகில் கட்டிக்கொண்டு ஏறிப் பார்த்தேன், மல்லாந்து விழுந்தேன். வேறு வழியில்லாமல் ஆமைமாதிரி முதுகில் அண்டாவோடு, தலையைக் குனிந்துகொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி வண்டிப்பாதைப் புழுதியில் நடந்தேன். அண்டா பின்னால் சரியும்போதெல்லாம் நின்று திரும்பி இழுத்துவிடவேண்டியிருந்தது.

அப்படி ஒரு தடவை திரும்பியபோது வந்த வழியைப் பார்த்தேன். புழுதியில் என் பின் டயரின் தடம். கொஞ்ச தூரத்துக்கு ஒரு குறுக்குப் பட்டை. மறுபடி அதே தூரத்தில் இன்னொரு பட்டை. டயரில் கட்டியிருந்த ஒட்டு, சுற்றுக்கு ஒன்றாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்திருந்தது. காலையில் கரையில் பார்த்த தடத்திலும் அந்தப் பட்டை இருந்தது. கண் பார்த்திருக்கிறது, கோபம் அதை உள்ளே விடவில்லை. அப்புறம் அந்தச் சாயங்காலம் முழுசாக ஞாபகத்துக்கு வந்தது.

அங்கேயே திரும்பிப் போயிருக்கவேண்டும். போகவில்லை. வீட்டுக்குப் போனேன். அக்கா அண்டாவைப் புளி போட்டுத் துலக்கி வாசலுக்குத் தெரிகிற மாதிரி வைத்தாள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. யாராவது பாராட்டினால் கடித்துவைக்கலாம் போலிருந்தது. ஒரு வாரம் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். கமிட்டிமேல் கோபம், காவலுக்கு நின்றவர்மேல் கோபம், வாய் திறந்து சண்டை போடாத பால்காரர்மேல்கூடக் கோபம். ஒரு ஆளைத் தவிர எல்லோர்மேலும் கோபப்பட்டேன்.

எட்டாம் நாள் டீக்கடையில் வாயில் வைத்தால் டீ வெறும் தண்ணீர். என்னண்ணே இது என்று மாஸ்டரிடம் எகிறினேன். அவர் என்னைவிட எரிச்சலில் இருந்தார்.

"பழைய பால்காரருக்கு அந்த ஊர்ல பால் ஊத்த மாட்டேன்டாங்களாம். கரைய மிதிச்சவனுக்குப் பால் இல்லைன்டாங்களாம். இப்ப ஒருத்தன் வாரான், அவன் கொண்டாரது இம்புட்டுத்தான் வெளுப்பு. குடிச்சா குடி."

டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அண்டா போனால் போகிறது. அந்த மனிதரின் பிழைப்பில் அல்லவா என் டயர் ஏறியிருக்கிறது.

அன்றே பட்டறையில் லீவு சொல்லிவிட்டு, மறுபடி அண்டாவை முதுகில் கட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை பஸ்ஸில். கமிட்டிக்காரர்கள் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். தடம் என்னுடையது, தப்பும் என்னுடையது என்றேன். வைவார்கள், அடிக்கக்கூடச் செய்வார்கள் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அன்றைக்கு மைக் வைத்திருந்தவர் வெற்றிலையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார்.

"முடிஞ்சதப் போயிக் கிளறாத மாப்ள. இப்பத் தடம் உன்னுதுன்னு சொன்னா, நாங்க அந்தாளுகிட்டப் போயி நிக்கணும்ல. அண்டாவ எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. ஒரு பால்காரரிடம் போய், தெரியாமல் செய்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூச்சப்பட்டு, அவர் பிழைப்பு போனால் போகட்டும் என்கிறார்கள். அவர்களை வைவதற்கு வாயைத் திறந்தேன். எட்டு நாள் நானும் அதையேதான் செய்தேன் என்பது அந்தச் சமயம் பார்த்து நினைவுக்கு வந்து தொலைத்தது. வாயை மூடிக்கொண்டு, அண்டாவை அவர்கள் முன்னால் 'ணங்' என்று வைத்துவிட்டுக் கண்மாய்க்குப் போனேன்.

கரையடியில் கிடந்த கூடையையும் மண்வெட்டியையும் எடுத்தேன். தறியில் நிற்கிறவனுக்கு மண் வெட்டவா தெரியும்? பத்தாவது கூடையிலேயே கை கொப்பளித்துவிட்டது. அந்த வழியாக மாடு ஓட்டிப் போனவர்கள், தண்ணீருக்குப் போன பெண்கள் எல்லோரும் நின்று கேட்டார்கள். கேட்ட ஒவ்வொருவரிடமும், அன்றைக்குக் கரையில் உருட்டியது நான்தான், பால்காரர் இல்லை என்று உரக்கச் சொன்னேன். எண்ணுவதற்கு ஆள் இல்லை என்பதால் நானே எண்ணினேன். நாற்பதுக்குமேல் எண்ணிக்கை குழம்பி, முப்பதிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். ஒரு அம்மா இடுப்பில் குடத்தோடு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து எங்கள் வீட்டுப் பால் அவருக்குத்தான் என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மூன்று நாளில் ஊர் முழுக்க அப்படியே ஆகிவிட்டது என்று பிறகு டீ மாஸ்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். கமிட்டி மட்டும் கடைசிவரை அவரிடம் போய் நிற்கவில்லையாம்.

அதற்கப்புறம் நான் பந்தயத்துக்குப் போகவில்லை. இன்றைக்கும் யார்மேலாவது கோபம் தலைக்கேறி விரலை நீட்டப் போனால், கை பாதியில் நின்றுவிடுகிறது. முந்தின நாள் சாயங்காலம் நான் எங்கே இருந்தேன் என்று முதலில் யோசிக்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிய பாடம் ஒன்று அன்று அந்தக் கரையிலேயே கிடைத்தது. மன்னிப்புக் கேட்கும்போதும் நான் எனக்காகவே எதையோ கேட்டு வாங்கப் பார்த்தேன் என்பது அது.

அறுபதாவது கூடை இருக்கும். பக்கத்து ஊரில் பால் வாங்கப் போய்க்கொண்டிருந்த பால்காரர், கரையடிப் பாதையில் என்னைப் பார்த்து சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். நான் கூடையோடு ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டினேன். டயர் ஒட்டு, சாயங்காலம், கமிட்டி எல்லாம்.  அவர் மாப்ள என்று கூப்பிடவில்லை. பெல்லையும் தொடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, நாலு வார்த்தை நல்லா வஞ்சிருங்கண்ணே. எனக்கு மனசு ஆறும்" என்றேன்.

பெடலில் காலை வைத்துக்கொண்டே சொன்னார்: "நீ ஆறுறதுக்கு நான் எதுக்கு வையணும்?"