செம்புக் காப்பு போட்ட சாமி

போன வெள்ளிக்கிழமை காலை ஒரு சாமியை ராணுவம் மணல் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனது. காட்டிக்கொடுத்தவன் நான்தான்.

பதறாதீர்கள்… முதலிலிருந்து சொல்கிறேன்.

தெரணியகலை பஜாரில் இருக்கும் என் ஹார்ட்வெயார் கடை உங்களில் பலருக்குத் தெரியும். கடையின் பின்னறையில் பழைய ராணுவச் சாமான்கள் சேர்த்து வைத்திருப்பதைப் பற்றி இந்தப் பத்தியில் அளந்து அளந்து உங்களைச் சலிக்கவும் வைத்திருக்கிறேன். உலகப் போர்க்கால ஹெல்மெட், துருப்பிடித்த துப்பாக்கிக் கத்தி, ஏதோ ஒரு துரை பங்களாவில் பூச்சாடியாக இருந்த பித்தளைத் தோட்டாக் கூடு — எல்லாம் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். முழுசாக ஒரு பீரங்கிக் குண்டு.

இரண்டு வாரத்துக்கு முன்பு பரமேஸ்வரி அக்கா கடைக்கு வந்தார். மேலே உள்ள தோட்டத்து ஸ்டோரில், கொழுந்தை உருட்டும் ரோலர் அறையில் வேலை செய்கிறவர். தேயிலை ஃபெக்டரியை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம்.

"செவப்பு பெயிண்ட் ஒரு டின் குடுங்க மொதலாளி. ரோதமுனி மேடைக்கு அடிக்கணும்."

ரோதைமுனி என்றால், மெஷினில் கை சிக்காமல் காக்கிற சாமி. அவருக்குக் கும்பிடு போடாமல் எங்கள் பக்கத்தில் ரோலர் சுற்றாது.

"சாமிக்கும் அடிக்கணுமாக்கா?"

"ஐயையோ, சாமிக்கு வேணாங்க! அது இரும்பு. ஒரு மொழம் இருக்கும். தல கூம்பா இருக்கும், அடியில செம்புக் காப்பு போட்டிருக்கும். அந்தக் காலத்துல ஸ்டோருக்குப் பின்னால தண்ணி போக கான் வெட்டுறப்ப கெடைச்சதாம். இரும்புக்கு யாருங்க செம்புல காப்பு போடுவா? சாமின்னு அப்பவே தெரிஞ்சிருச்சி."

பெயிண்ட் டின்னைக் கொடுக்க மறந்து நின்றேன். எனக்கு வேறு ஒன்று தெரிந்துவிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமையே தோட்டத்துக்குப் போய்விட்டேன். ஆசை சும்மா விடுமா? சிவப்புத் துணி, சந்தனம், உச்சியில் குங்குமம்… அதற்குள்ளே நான் தேடிய சாமான். காலடியில் கற்பூரம் எரிந்து எரிந்து கறுத்த இடம்.

அக்கா தன் கதையைச் சொன்னார். சில வருஷங்களுக்கு முன்பு அவருடைய கணவரின் கையை ரோலர் பிடித்து இழுத்திருக்கிறது. அந்த நொடியே கரண்ட் போய்விட்டது. இரண்டு விரல் போனதோடு தப்பினார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல், வேலைக்குப் போகுமுன் அக்கா இங்கே கற்பூரம் ஏற்றுகிறார்.

"பூ பறிச்சிட்டு வந்துர்றேன். பாருங்க, ஆனா தொட்டுறாதீங்க."

அவர் தலை மறைந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? துணியை விலக்கினேன். காப்பைத் தடவினேன். செம்பில் சாய்வாக வரி வரியாகக் கோடுகள் — என்ன அழகான வேலைப்பாடு என்று மெச்சிக்கொண்டேன். அதோடு விட்டேனா? வெற்றுக் கூடா, கெட்டியா என்று தெரிய வேண்டுமே! பையிலிருந்த சின்னச் சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டினேன். டொக், டொக், டொக். கெட்டிதான்.

போனில் படம் எடுத்துக்கொண்டு, துணியைப் பழையபடி சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கோயில் கமிட்டியிடம் பேசி, பதிலுக்குப் புது சூலாயுதம் கொடுத்து வாங்கிவிடலாம் என்று கணக்கே போட்டாகிவிட்டது.

படங்களை ரம்புக்கனையில் இருக்கும் விஜேக்கு அனுப்பினேன். ராணுவத்தில் வெடிபொருள் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற சிங்கள நண்பர். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது.

"இருபத்தைந்து ராத்தல் பீரங்கிக் குண்டு. அந்தச் செம்பு வளையம் வழவழப்பாக இருக்கிறதா, கோடு இருக்கிறதா?"

"கோடு இருக்கு. அதுதானே அழகே!"

விஜேயின் குரல் மாறியது.

"வளையம் வழவழப்பாக இருந்தால் அது சுடாத குண்டு. பீரங்கிக் குழாய் வழியாகப் போகும்போதுதான் அந்தக் கோடு விழும். அந்தக் காலத்தில் ஏதோ பயிற்சியில் சுட்டிருக்கிறார்கள், போய் விழுந்திருக்கிறது, ஆனால் வெடிக்கவில்லை. மேலே வெடிக்க வைக்கும் மூக்கும் அப்படியே இருக்கிறது. நீ அதைத் தட்டிப் பார்க்கவில்லையே?"

"இல்லை" என்றேன். பொய். உட்கார்ந்துவிட்டேன். வாரா வாரம் அதன் அடியில் எரிந்த கற்பூரத்தை நினைத்தேன்… இருபது அடி தள்ளி, தொழிலாளர் குடியிருக்கும் லயம். முப்பது குடும்பம்.

மறுநாள் தோட்டத்துத் துரைக்கும் பொலிசுக்கும் சொன்னேன். வெள்ளிக்கிழமை ராணுவம் வந்தது. ஸ்டோரை மூடி, லயத்தையும் காலி செய்தார்கள். எல்லோரும் போய்விட்டார்கள். பரமேஸ்வரி அக்கா மட்டும் மேடைக்குப் போகிற வழியை மறித்து நின்றார். அவருடைய கோபமெல்லாம் என் மேல்தான்.

"எடுத்துட்டுப் போயிட்டா, நாளைக்கு ரோலர்ல கை வைக்கிற எங்களுக்கு யாரு பொறுப்பு? நீங்களா மொதலாளி?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

வந்திருந்த அதிகாரி சின்ன வயது சிங்களவர். கடைசியாக ஒரு பூஜை செய்துகொள்ளச் சொன்னார். தள்ளி நின்று, நெருப்பில்லாமல்.

"கிந்தர நெத்துவ கொஹொமத மாத்தயா பூஜாவ?" என்றார் அக்கா. நெருப்பு இல்லாமல் எப்படி ஐயா பூஜை?

அதிகாரி வாதாடவில்லை. குனிந்து பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். வெறுங்காலோடு நின்று கைகூப்பினார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையிலிருந்த பூவைத் தரையில் வைத்துவிட்டு வழியை விட்டு விலகினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

கைவிட்ட ரப்பர் காட்டில் வைத்து அதை வெடிக்க வைத்தார்கள். கீழே பஜாரில் என் கடைக் கதவே அதிர்ந்ததாம். உள்ளே மருந்து கெடாமல் அப்படியே இருந்திருக்கிறது என்றார் அதிகாரி.

நேற்று மறுபடி போனேன். மேடைக்குப் புதுசாகச் சிவப்பு அடித்திருந்தது, என் கடைப் பெயிண்ட்தான். மேலே ஒன்றும் இல்லை. அந்த வெற்றிடத்துக்கு முன்னால் அக்கா கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"என்னை மன்னிச்சிருங்கக்கா. ஆனா, ஒரு குண்டையா இத்தனை வருஷமா கும்பிட்டீங்கன்னு நெனைச்சா…"

அக்கா திரும்பிப் பார்த்தார். கோபம் போயிருந்தது.

"குண்ட யாருங்க கும்பிட்டா? அத வெடிக்க வுடாம இத்தன வருசமா புடிச்சிக்கிட்டு இருந்தாரே, அவரத்தான்."

சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டியதை நான் இன்னும் அக்காவிடம் சொல்லவில்லை. பிடித்துக்கொண்டிருந்தவருக்குத் தெரியும்.