இளவரசன் எழும்பும் இடம்

மகன் இறந்த மூன்றாம் நாள் சறோஜினிதேவி மீன் வாங்கினார்.

இறுப்பிட்டிச் சந்தியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்த பத்திநாதர் மீன்பெட்டியைத் திறக்கவில்லை. அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். சறோஜினிதேவியின் கணவன் அம்பலவாணர் ஒருவருக்குத்தான் தெரியாது.

“அக்கா, துடக்கு வீட்டுக்கு நான் எப்பிடி மீன் தாறது?”

“தாரும். நேற்றும் முந்தநாளும் மரக்கறி. இண்டைக்கும் மீனில்லையெண்டால் அவர் கேப்பார்.”

“அண்ணைக்குச் சொல்லாமல் எத்தினை நாளைக்கக்கா?”

“ஒப்பரேசன் முடியுமட்டும்.”

பத்திநாதர் இரண்டு பாரையை எடுத்து, முகத்தைப் பார்க்காமல் பையில் போட்டார்.

சறோஜினிதேவி கரம்பொனில் பிறந்தவர். கல்யாணம் கட்டி இறுப்பிட்டிக்கு வந்தார். அம்பலவாணருக்குத் தெற்கே ஒரு சிங்கள ஊரில் கடை இருந்தது. ஓர் ஆடி மாதக் கலவரத்தில் அது எரிந்தது. அதன் பிறகு தோட்டம், இடம்பெயர்வு, திரும்பி வந்தபோது கூரையில்லாத வீடு, மறுபடி தோட்டம். மூத்தவள் பிரியவதனி கரம்பொனில் ரீச்சர். இளையவன் நிலக்ஷன் இருபது வயதில் பிரான்சுக்குப் போனவன். பாரிசில் ஓர் உணவகத்தின் குசினியில் நின்றான். கல்யாணம் செய்யவில்லை. ஒரு திங்கட்கிழமை வேலையால் வந்து படுத்தவன் எழும்பவில்லை.

அம்பலவாணரின் இதயத்தில் ஒரு வால்வு பழுது. சத்திரசிகிச்சை முடியும்வரை சின்ன அதிர்ச்சியும் கூடாது என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். பிரியவதனி கிணற்றடியில் வைத்துத் தாயின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தாள்.

“தம்பி போட்டான். அப்பாவும் போகக்கூடாது. ஒப்பரேசன் முடியட்டும், நான் சொல்லுறன். அதுமட்டும் நீங்கள் வாயைத் திறக்கக்கூடாதம்மா.”

தகப்பனின் கைபேசியைத் திருத்தக் குடுக்கிறேன் என்று கொண்டுபோனாள். சந்தியில் கண்ணீர் அஞ்சலி ஒட்டவேண்டாம் என்றாள். வெளிநாட்டுச் சொந்தக்காரரை வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கவேண்டாம் என்றாள். எல்லாவற்றையும் யோசித்தவள், ரீவியை யோசிக்கவில்லை.

‘சாம்பல் தீவு’ என்ற அந்தத் தொடர் எட்டு சீசன். கடலரசர்கள், சாம்பல் மழை, கப்பலைச் சுற்றும் பாம்புகள். வெள்ளைக்காரர் எடுத்ததை இந்தியாவில் தமிழாக்கியிருந்தார்கள். அரசன் மந்திரியை “வாங்க, போங்க” என்பான். பல வருடங்களுக்கு முன்னர் நிலக்ஷன் ஊருக்கு வந்த ஒருவரிடம் அதைப் பென்டிரைவில் போட்டு அனுப்பியிருந்தான்.

“அறுவது தாண்டினவனுக்குப் பாம்புக் கதையோ?” என்றுதான் அம்பலவாணர் தொடங்கினார். மூன்றாம் நாள் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாற மறந்தார்.

தகப்பனும் மகனும் வேறு எதைக் கதைத்தாலும் சண்டை வரும். கல்யாணத்தைக் கதைத்தால் மகன் தொலைபேசியை வைத்துவிடுவான். காணியைக் கதைத்தால் தகப்பன் வைத்துவிடுவார். சாம்பல் தீவில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. அப்போது அம்பலவாணரிடம் கைபேசி கிடையாது. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மகன் தாயின் கைபேசிக்குக் குரலில் செய்தி அனுப்புவான். சறோஜினிதேவி அதைக் கணவனின் காதுக்குக் கிட்டப் பிடிப்பார்.

அவருக்குக் கதை பிடிபடவில்லை. பாம்பு வரும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

“அது கடற்பாம்பு, தேவி. நயினாதீவு அம்மாளின்ர நாகமில்லை.”

“எந்தப் பாம்பெண்டாலும் பாம்புதான்.”

ஐந்தாவது சீசன்வரை எல்லாம் சரியாகப் போனது. அதன் முடிவில் இளவரசன் ரோவன் கப்பலோடு தாழ்ந்தான். பிறகு எழுதியவர்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது. புத்திசாலியான ராணி ஒரு நாளில் மடைச்சியானாள். ஒரு மாதம் ஓடிய கப்பல்கள் ஒரு பாட்டுக்குள் கரை சேர்ந்தன.

“குறிகாட்டுவானாலை நெடுந்தீவுக்குப் போகவே ஒரு மணித்தியாலம் வேணும். இவங்கள் சமுத்திரத்தைத் தாண்டிப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கிறாங்கள்” என்று அம்பலவாணர் ரீவியைப் பார்த்துக் கத்தினார்.

ஆறாவதின் நடுவில், செத்த ரோவன் கடலுக்குள்ளிருந்து எழும்பி நடந்து வந்தான். அன்றோடு தகப்பனும் மகனும் தொடரைக் கைவிட்டார்கள்.

இந்த வருடம் அம்பலவாணர் தோட்டத்துக்கு இறங்க முடியாமல் போனபோது மகன்தான் சொன்னான்: “திரும்பப் பாப்பமப்பா. நாளுக்கு ஒண்டு. முதல் அஞ்சும் மட்டும். ஆறைத் தொடக்கூடாது.” இரண்டாவது சீசனின் பாதியில் அவன் இறந்தான்.

மூன்றாம் நாள் பாரைக் குழம்போடு சாப்பிட்டுவிட்டு அம்பலவாணர் சாய்மனைக் கதிரையில் சரிந்தார்.

“ரீவியைப் போடும். ரெண்டு நாளாய்த் தம்பியின்ர சத்தத்தைக் காணேல்லை. பாத்தானோ இல்லையோ?”

“வேலை கூடவாம்.”

“என்ர போனிலை எடுப்பான் எண்டால் அதையும் உம்மட மகள் கொண்டுபோட்டாள்.”

சறோஜினிதேவி ரீவியைப் போட்டார். செத்தவீட்டில் ரீவியின் வெளிச்சம் எரிந்தது. பகுதி முடியும்வரை பக்கத்தில் இருந்தார். பாம்பு வந்தது. கை கன்னத்துக்குப் போகவில்லை.

பிறகு குசினிக்குள் போய்த் தன் கைபேசியைத் திறந்து மகனின் பெயரை அழுத்தினார். மேலே மேலே தள்ளிக்கொண்டு போனார். பழைய செய்திகள் அழியாமல் கிடந்தன. முதல்முறை பார்த்தபோது, அதே பகுதிக்கு, அவன் சொன்னது இருந்தது.

அவர் கூடத்துக்கு வந்தார். “இந்தா, இப்ப அனுப்பியிருக்கிறான்.”

“அப்பா, பாத்தியளோ? அந்தக் கிழவன் சுக்கானை விட்டவுடனை எனக்கு நெஞ்சு திக்கெண்டிட்டுது. எழுதினவனுக்குக் கடல் தெரிஞ்சிருக்கு.”

அம்பலவாணர் சிரித்தார். “கேட்டீரோ? நானும் அதைத்தான் நினைச்சனான். பதில் சொல்லோணும், பிடியும்.”

அவர் சொன்னதெல்லாம் இறந்தவனின் இலக்கத்துக்குப் போனது. பக்கத்தில் ஒற்றைச் சரி அடையாளம் மட்டும் விழுந்தது, போய்ச் சேரவில்லை என்று. சறோஜினிதேவி அதைப் பெருவிரலால் மறைத்தார்.

அப்படியே நாள் போயிற்று. சவ அடக்கத்தை அவர் கரம்பொனில் மகளின் வீட்டில் கைபேசியில் பார்த்தார். பெட்டிக்குள் மகன் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தான். நடுவில் படம் நின்று நின்று வந்தது. வீட்டுக்குத் திரும்பியதும், “பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் எப்பிடி?” என்று அம்பலவாணர் கேட்டார். “விட்டிட்டுது” என்றார்.

எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிற நாள். சறோஜினிதேவியால் படைக்க முடியாது. கணவாய்ப் பிரட்டல் வைத்துக் கணவனின் சோற்றுக் கோப்பையில் போட்டார்.

“என்ன விசேஷம்? தம்பியின்ர சாப்பாடெல்லோ இது.”

“பத்திநாதர் நல்ல கணவாய் கொண்டந்தவர்.”

அம்பலவாணர் சாப்பிட்டார். கடைசித் துண்டைக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுக் கை கழுவினார்.

துடக்கில் செய்யக்கூடாத எல்லாவற்றையும் அவர் செய்தார். மீன் சமைத்தார். ரீவி போட்டார். பக்கத்து வீட்டுப் பவதாரணியோடு வேலியடியில் நின்று சத்தமாகச் சிரித்தார். அவள் மறுபக்கம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தெரியாமல் மச்சம் தின்ற பாவமும் கணவனுக்கு வேண்டாம், எல்லாம் தன் தலையில் விழட்டும் என்று மனதுக்குள் சொன்னார். சாமியறை விளக்கை மட்டும் ஏற்ற முடியவில்லை. மனிசனுக்கு ஒளிக்கலாம். துடக்கோடு அந்தப் படியைத் தாண்ட அவருக்குக் கால் வரவில்லை. பின்னேரமானதும் கதவைச் சாத்திவிடுவார். அம்பலவாணர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர் கவனிக்கவில்லை என்று சறோஜினிதேவி நினைத்துக்கொண்டார்.

சத்திரசிகிச்சைத் திகதி பின்னுக்குப் போனது. திரும்பவும் போனது. கதை முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. அம்பலவாணர் நாளுக்கு இரண்டு பகுதி பார்க்கத் தொடங்கினார். சறோஜினிதேவி ரிமோட்டின் பற்றரியைக் கழற்றி அரிசிப் பேணிக்குள் போட்டார். அம்பலவாணர் எழும்பிப் போய் ரீவியிலேயே அழுத்தினார். சறோஜினிதேவி பற்றரியைத் திரும்பப் போட்டுவிட்டு, கரண்ட் இல்லை என்று மெயினை நிறுத்தினார். பவதாரணி வீட்டு வானொலி பாடிக்கொண்டிருந்தது.

“அவைக்கு மட்டும் வேறை கரண்டோ?” என்றார் அம்பலவாணர்.

செய்திகள் குறைந்துகொண்டு வந்தன. நாலாவது சீசனில் ஒன்று ஓடியபோது, சறோஜினிதேவி முன்கூட்டிக் கேட்டுப் பார்க்க மறந்திருந்தார்.

“அப்பா, இந்த எபிசோட் திறம். அம்மா நித்திரையோ? உங்கை இப்ப மழையோ? கூரையிலை விழுற சத்தம் கேக்க ஆசையாக் கிடக்கு.”

வெளியே வெயில் எரிந்தது. மாசக்கணக்கில் ஒரு துளி விழவில்லை.

“மழையோ எண்டு கேக்கிறான்” என்றார் அம்பலவாணர்.

“அங்கை மழையாக்கும். அந்த நினைப்பிலை கேக்கிறான்.”

அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சறோஜினிதேவி கைபேசியை நீட்டினார், பதில் சொல்லுங்கோ என்று. அவர் தலையை ஆட்டினார்.

“பிறகு சொல்லுறன்.”

அதன்பிறகு அவர் பதில் அனுப்பவேயில்லை. கேட்க மட்டும் கேட்டார். ஐந்தாவதின் முடிவில் ரோவன் தாழ்ந்தபோது, மகன் அந்நாளில் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“அப்பா, நான் அழுதிட்டன். குசினிக்கை பாத்தவங்கள், வெங்காயமெண்டு சமாளிச்சனான். இவன் செத்ததுதான் இந்தக் கதையின்ர உச்சம். இனி என்னத்தைக் காட்டப்போறாங்கள்?”

சறோஜினிதேவி அன்று கிணற்றடிக்குப் போய் மிச்சத்தைக் கேட்டார். ஒன்றுதான் மிச்சம். ஆறாவதின் நடுவில் அனுப்பியது.

“அப்பா, எனக்கு ஏலாது. செத்தவனை எழுப்பிப்போட்டாங்கள். எழும்புவாங்களெண்டால் சாவுக்கு என்ன மரியாதை? நான் நிப்பாட்டிட்டன். நீங்களும் நிப்பாட்டுங்கோ.”

அவர் கைபேசியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுக் கிணற்றுக்குள் பார்த்தார். கத்தலாம் போலிருந்தது. வீடு கிட்ட இருந்தது. வாளியை இறக்கி, தேவையில்லாமல் தண்ணீர் அள்ளி, வாழைக்கு ஊற்றினார். அள்ளி அள்ளி ஊற்றினார்.

“அஞ்சோட நிப்பாட்டுவம்” என்று சாப்பாட்டின்போது சொல்லிப் பார்த்தார். “அவன்தானே சொன்னவன், ஆறைத் தொடக்கூடாதெண்டு.”

“ஓம், சொன்னவன்.”

“பிறகென்ன?”

“போடும்.”

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கும் கிரியையைப் பாரிசில் ஓர் ஒன்றுவிட்ட தமையன் செய்தான். “எல்லாம் முடிஞ்சுதம்மா” என்று பிரியவதனி கைபேசியில் குசுகுசுத்தாள். ஒப்பரேசன் திகதி இன்னும் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் அந்தப் பகுதி வந்தது. சறோஜினிதேவி குசினி வாசலில் நின்றார். இந்த இடத்தில் அம்பலவாணர் போனமுறை எப்படிக் கத்தினார் என்பது நினைவிருந்தது. கதிரையை உதைத்துக்கொண்டு எழும்பி, “கதையைக் கொன்றுபோட்டாங்கள்!” என்றார். இப்போது கத்தினால் நெஞ்சு தாங்காது. கத்தாவிட்டால், அடுத்து மகன் என்ன சொன்னவன் என்று கேட்பார். சறோஜினிதேவியிடம் இருந்தது கிணற்றடியில் கேட்ட அந்த ஒன்றுதான்; அதைப் போட்டுக் காட்ட முடியாது.

ரீவியில் கடல் விலகியது. தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை. பிறகு தலை. தலைமயிரில் நீர் வடிய ரோவன் மணலில் நடந்து வந்தான். அவன் தகப்பனான கிழட்டரசன் முழங்காலில் விழுந்தான். மட்டமான காட்சி. கடல் தகரம்போல மின்னியது. ரோவனின் உடுப்புக்கூட நனையவில்லை.

அம்பலவாணர் கத்தவில்லை.

“திரும்பப் போடும்” என்றார்.

“என்ன?”

“எழும்புற இடத்தைத் திரும்பப் போடும்.”

சறோஜினிதேவி வந்து ரிமோட்டை எடுத்தார். ரோவன் பின்பக்கமாக நடந்து கடலுக்குள் போனான். தலை மறைந்தது. கை மறைந்தது. பிறகு மறுபடியும் எழும்பினான்.

“அண்டைக்கு நானும் அவனும் சேந்து என்ன பேச்சுப் பேசினம்” என்றார் அம்பலவாணர். “எழுதினவனுக்கும் ஒரு பிள்ளை இருந்திருக்கும்.”

சறோஜினிதேவி திரும்பிக் கணவனைப் பார்த்தார்.

“துடக்கு நேற்றோட கழிஞ்சுதெல்லோ. இண்டைக்கு விளக்கை ஏத்தும்.”

“என்னப்பா சொல்லுறியள்?”

“நீர் விளக்கேத்தாத நாளிலையிருந்து எண்ணினனான். செத்தது ஆரெண்டுதான் தெரியேல்லை. கேக்கப் பயம். கேளாமலிருந்தால் ஆரோ ஒரு பெரியப்பா, ஆரோ ஒரு மச்சான்.” அவர் மூச்சை மெல்ல இழுத்தார். “பிறகு மழையோ எண்டு கேட்டான்.”

சறோஜினிதேவியின் கண் கணவனின் நெஞ்சுக்குப் போனது. சட்டையின் பொத்தான் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. டாக்குத்தர் சொன்னதெல்லாம் ஒரே நேரத்தில் காதுக்குள் கேட்டது.

“மாத்திரை” என்றார். “மாத்திரை எங்கை?”

“நாக்குக்குக் கீழை வைச்சுக்கொண்டுதான் இருந்தனான்.”

இத்தனை நாளும் அடக்கியதைக் கத்தி அழ அவர் வாயைத் திறந்தார்.

“வேண்டாம்” என்றார் அம்பலவாணர். கையை நீட்டினார், தடுப்பதுபோல. “நீர் அழுதால் நானும் அழவேணும். எனக்கு இப்ப ஏலாது, தேவி. உண்மையா ஏலாது.”

சறோஜினிதேவி வாயை மூடிக்கொண்டார். சேலைத் தலைப்பைப் பந்தாக்கிப் பல்லுக்குள் கொடுத்துக் கடித்தார். வீட்டில் கிழட்டரசனின் அழுகை மட்டும் கேட்டது, இந்தியத் தமிழில், “வந்துட்டியா, வந்துட்டியா” என்று.

அது முடிந்தது. அம்பலவாணர் நெஞ்சில் கையை வைத்தபடி ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொருக்கா எழுப்பும்.”

சறோஜினிதேவி சேலையைக் கடித்தபடியே அழுத்தினார்.