எதிர்வீட்டு இருமல்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சமூகப்பணியில் முதுகலை முடித்ததும், ஒடுக்கப்பட்ட மக்களின் மனக்காயம் பற்றிய ஆய்வில் வேலை கிடைத்தது. அனுப்பிய இடம், நான் பிறந்து வளர்ந்த தெரு. எங்களுக்கு இவ்வளவு அழகான தலைப்பு இருப்பது அதுவரை எனக்கே தெரியாது.

அரியலூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய தெரு அது. மதியம் வெடி வைத்தால் அடுக்கிய தம்ளர்கள் இறங்கி நடக்கும். லாரி போனால் துவைத்த புடவையை மறுபடி துவைக்க வேண்டும்.

ஆய்வை நடத்திய பேராசிரியர் பெரம்பலூரில் அறை எடுத்துத் தங்கி, ஏசி காரில் வந்து எங்கள் தூசியை ஆராய்ந்தார். மனசோ உடம்போ, பாதிப்பு அதிகமுள்ள ஊருக்கு மட்டும் ஆய்வுச் செலவில் எக்ஸ்ரே வண்டி வரும் என்றார். எனக்கு வேண்டியது அந்த வண்டிதான். என் சின்னம்மா இருமி இருமி எலும்பாகியிருந்தாள். கூலியை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவும் மாட்டாள்.

கேள்விகளோடு வீடு வீடாகப் போனேன்.

"மனசு கஷ்டமா இருக்கா?"

"நமக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கோம்."

சின்னம்மா இருமலுக்கு நடுவே, "நல்லாருக்கேன்னு எழுதிக்கடி" என்றாள்.

வெளியாளிடம் கஷ்டத்தைச் சொல்வது எங்கள் தெருவில் பிச்சை கேட்பது மாதிரி. கையில் அட்டையும் பேனாவும் பிடித்ததும் நானும் வெளியாள்தான்.

பேராசிரியர் தாள்களைப் புரட்டி முகம் வாடினார். "உங்க ஜனங்க மனசளவுல ரொம்ப உறுதியா இருக்காங்கம்மா. நாம வேற ஊர் பாப்போம்." சந்தோஷமாக இருக்கும் ஏழைகளால் அவருக்கு உபயோகமில்லை.

ஒரு நாள் அவகாசம் கேட்டேன். தன் கஷ்டத்தைச் சொல்லாதவள் எதிர்வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லாமல் இருக்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சின்னம்மாவின் எதிர்வீட்டுக்காரியிடம் போய், "எங்க சின்னம்மா எப்படி இருக்கு?" என்றேன்.

"உங்க சின்னம்மாவா? ஒரு மாசமா லொக்கு லொக்குன்னு. எங்க வூட்ல யாரு தூங்குறா?"

அதை அப்படியே கொண்டுபோய் சின்னம்மாவிடம், சரியா தப்பா என்று கேட்டேன். துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"ஒரு மாசமாமா? போன தீபாவளிலேந்து இருமுறேன்! ரத்தம் வருதே, அதச் சொன்னாளா? அரைகுறையாத் தெரிஞ்சுக்கிட்டுப் பேச வந்துட்டா. நீ ஒழுங்கா எழுது!"

ஒழுங்காகவே எழுதினேன். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி திருத்தியிருந்தாள். பேராசிரியர் மகிழ்ந்துபோய் இந்த முறைக்கு நீளமான இங்கிலீஷ் பெயர் வைத்தார். அறிக்கையில் அது அவருடைய கண்டுபிடிப்பு. நான், 'உள்ளூர் உதவியாளர்'. அந்த முறைக்கு எங்கள் தெருவில் வம்பு என்று பெயர்.

வண்டி வந்தது. சின்னம்மாவின் நுரையீரலில் காசம் என்றார் டாக்டர். மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார். அவள் எக்ஸ்ரே படத்தை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தாள். பிறகு நேராக எதிர்வீட்டுக்குப் போனாள்.

"இந்தா, நல்லாப் பாத்துக்க. இனிமே என்னைப் பத்திக் கேட்டா தப்பில்லாமச் சொல்லு."