கம்ப்யூட்டருக்கு மட்டும் ஜனவரி ஒன்று

உப்புக் குவியலை மூடுவது போலத்தான் அப்பா எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரையும் மூடுவார். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்தவருக்கு, உப்புக்காற்று இரும்பை என்ன பாடு படுத்தும் என்று தெரியும். முதலாளி ஆபீசிலிருந்து பழசாகக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. அக்கா வேலை முடித்து எழுந்தவுடன் பிளக்கைப் பிடுங்கி, தார்ப்பாயைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கிவிடுவார். அப்படியும் ஃப்ளாப்பி போடும் இடம் துருப்பிடித்துப் போனது.

இரண்டாயிரத்து ஐந்து, கோடை. எனக்கு வயது பதினான்கு. அக்கா பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தாள். திங்கட்கிழமை ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை, ஏதோ இலவச சிடியைப் போட்டு எதையோ ஏற்றினாள். அதன் பிறகு வேர்ட், திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. நாற்பது பக்கமும் உள்ளே.

கம்ப்யூட்டர் சென்டர் சார் ஞாயிறு காலை வந்தார். முதலில் தேதியைத் திருத்தினார். பிறகு சிஸ்டம் ரீஸ்டோரைத் திறந்தார். கம்ப்யூட்டர் நன்றாக இருந்த ஒரு நாளுக்கு அதைத் திருப்பிக் கொண்டுபோகும் வசதி அது. போகக்கூடிய நாட்கள் மட்டும் நாட்காட்டியில் தடித்த எழுத்தில் இருக்குமாம். அப்படி ஒரு நாள் அந்த மாதத்திலும் இல்லை, அதற்கு முந்தைய மாதத்திலும் இல்லை.

"ரீஸ்டோரே வேலை செய்யலீங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடணும். சிடி எடுத்துட்டு வர்றேன்."

"அப்போ எம் பொண்ணு அடிச்சதெல்லாம்?" என்றார் அப்பா.

சார் வண்டியைக் கிளப்பினார். அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

தினமும் கம்ப்யூட்டரைப் போடுவது என் வேலை. உள்ளே இருந்த சின்ன பேட்டரி செத்துப்போனதால், பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் அதற்குத் தேதி மறந்துவிடும். ஒவ்வொரு நாளும் இரண்டாயிரத்து இரண்டு, ஜனவரி ஒன்று என்றே காட்டும். எல்லாக் கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். யாரிடமும் கேட்கவும் கூச்சம்.

"அக்கா, இதுக்கு தெனமும் ஜனவரி ஒண்ணுதான்" என்றேன். நாட்காட்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். முப்பது நாற்பது தடவை அழுத்தியிருப்பேன். கடைசியில் வந்தது. அந்த ஒரே தேதி தடித்த எழுத்தில்! அதன் கீழ், திரும்பிப் போகக்கூடிய இடங்களாக ஏழெட்டு வரிகள். ஒன்றில் அந்த இலவச சிடியின் பெயர்; சனிக்கிழமை ஏற்றியதும் ஜனவரி ஒன்றாகவே பதிவாகியிருந்தது.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏய், ரெண்டாயிரத்து ரெண்டுல நான் பத்தாவதுடி! அங்க போனா ரிப்போர்ட் எப்பிடி இருக்கும்?"

சிஸ்டம் ரீஸ்டோரின் முதல் பக்கத்துக்குப் போய், ஆங்கில வரி ஒன்றில் விரலை வைத்தேன். சேமித்து வைத்தவை அழியாது என்று அதில் இருந்தது. அக்கா இரண்டு தடவை படித்தாள்.

"நீயே அழுத்து. போச்சுன்னா உன்ன உப்புல பொதைச்சிடுவேன்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அழுத்தினேன். கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தது. வேர்ட் திறந்தது, திறந்தபடியே நின்றது. நாற்பது பக்கமும் அப்படியே இருந்தன. அக்கா போட்ட கூச்சலில் அப்பா ஓடிவந்தார். இரவல் பிரிண்டர் கறகறவென்று பக்கங்களைத் துப்பிக்கொண்டிருந்தபோது சார் சிடியோடு வந்து நின்றார்.

"யாரு பண்ணது?"

"எங்க சின்னதுதான் சார்! நீங்க உக்காருங்க, டீ சாப்புடுங்க" என்றார் அப்பா, உப்பளமே தனக்குச் சொந்தம் என்பது போல.

நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சத்தமில்லாமல் குதித்துக்கொண்டிருந்தேன். அந்த ரிப்போர்ட் அக்காவுக்குச் சென்னையில் வேலை வாங்கிக் கொடுத்தது. அவளை ஊரைவிட்டு அனுப்பும் காரியத்தை நானே முடித்து வைத்திருந்தேன் என்பது, ஜூன் மாதம் அவள் பெட்டி கட்டும்வரை எனக்குப் புரியவில்லை.