சுவர்க்கோழிகள் நிறுத்தும்போது

எங்கள் வல்லத்துக்குப் பக்கத்துக் கோட்டைக்குள் இருக்கிற நெற்களஞ்சியத்தில் பகலிலும் இருட்டுதான். அதனால் பகலிலும் சுவர்க்கோழிப் பூச்சிகள் கத்தும். அறுபதுகளின் நடுவில், பி.யு.சி. முடித்த கோடையில், அதைக் கேட்கப் போனேன். மறுநாள் காலை சென்னைக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் படிப்புக்கு நேர்காணல். ராத்திரி ரயிலைப் பிடிக்க நாலரை மணி திண்டிவனம் பஸ்தான் கடைசி. மணி மூன்றுதானே என்று டிரங்குப் பெட்டியைப் பஸ் நிலையத்துப் பூக்கடையில் வைத்துவிட்டு ஓடினேன்.

சுவர்க்கோழிக்குக் காது முன்னங்கால்களில். தரையின் அதிர்வையும் கால்களாலேயே உணரும். யாராவது நடந்தால் சட்டென்று நிறுத்திவிடும். இதைப் படித்திருந்ததால் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பூனைபோலப் போய் மூலையில் குந்தினேன். பூச்சிகள் என்னைக் கண்டுகொள்ளவில்லை. காவலாளியும்தான். வெளியே செருப்பில்லை, உள்ளே அசைவில்லை. கனத்த மரக்கதவை இழுத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

கத்தினேன். வளைந்த கூரை என் குரலை எனக்கே திருப்பித் தந்தது. கதவை உதைத்தேன். இங்குமங்கும் நடந்தேன். தொண்டை கட்டிக்கொண்டது. அப்போதுதான் கவனித்தேன்: நான் ஆடிய ஆட்டத்தில் ஒரு பூச்சியும் சிறகை உரசிக் கத்தவில்லை. அப்படியென்றால் நான் கல்லாய் உட்கார்ந்தால் அவை கத்தும். வெளியே ஆள் நடந்தால் நிறுத்தும். அந்த நொடியில் குரல் கொடுத்தால் போதும்!

ஐந்து நிமிடம் சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்லை. கொசு கடித்தது, சொறியவில்லை. ஒன்று தொடங்கியது, பிறகு எல்லாம். எவ்வளவு நேரமோ. திடீரென்று அத்தனையும் நின்றன.

"யாராவது இருக்கீங்களா! கதவு பூட்டிக்கிச்சு!"

"அய்யய்யோ, யாரு அது?" கதவை ஒட்டி ஒரு பெண்ணின் குரல், பின்னாலேயே ஆடுகளின் கத்தல்.

"நான் வல்லத்துப் பையங்கா. மாட்டிக்கினேன்."

"உள்ள இன்னா பண்ணினு இருந்தே?"

"சுவர்க்கோழி கத்தறதக் கேக்க வந்தேன்."

"ஏன், வல்லத்துல பூச்சிக்குப் பஞ்சமா?" சிரித்தாள். "சாவிக்காரரு டீக்கடைல இருப்பாரு. இரு, இட்டாறேன்."

"சீக்கிரங்கா, பஸ்ஸு போயிடும்!"

"அதுக்குன்னு ஆட்ட வுட்டுட்டு ஓட முடியுமா? ஓட்டிக்கினுதான் போவணும்."

அவள் போனாள். பூச்சிகள் மறுபடி தொடங்கின. இப்போது அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்: யாரும் வரவில்லை. எதைக் கேட்க வந்தேனோ அந்தச் சத்தமே நிற்காதா, நிற்காதா என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சுவர் உச்சியிலிருந்த காற்றுத் துளை வழியாக, பஸ் கிளம்பும்போது அடிக்கிற ஹாரன் இரண்டு தரம் கேட்டது. ஒரு சுவர்க்கோழிகூட நிறுத்தவில்லை.