ரோட்டோர நிரையும் ஜீவராணியின் குடலும்

என் அண்ணன் மனைவி ஜீவராணிக்கு வயது நாற்பத்தொன்று. திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபத்து மூன்று வருடமாகக் கொழுந்து பறிக்கிறார். அதில் கடைசி மூன்று வருடம் வயிற்றோடு மல்லுக்கட்டியே போய்விட்டது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை வெளியே போக வேண்டும், போனால் ரத்தம். மலையில் கக்கூஸ் கிடையாது. அதனால் வேலை நாளில் மதினி காலையில் சாப்பிடுவதையே விட்டுவிட்டார். பசியோடு கூடை சுமக்கிற மனுஷியைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அலுத்துவிட்டது. கோபப்படக்கூடத் தெம்பில்லை.

தோட்டத்து டாக்டர் மாத்திரை கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். அங்கே கேமரா வைத்த குழாயைப் பின்வழியாக விட்டுக் குடலைப் பார்ப்பார்கள். துணிக்கடையில் வேலை செய்வதால் எனக்குச் சிங்களம் வரும். ஆகவே மொழிபெயர்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. கண்டி டாக்டர் நடுத்தர வயதுப் பெண். முன்னமே ஏதாவது மருந்து பாவிக்கிறாரா என்று கேட்டார். மதினி இல்லையென்றார். நானும் இல்லையென்று சொன்னேன்.

சோதனைக்கு முதல் நாள் முழுக்க வயிற்றைக் கழுவுகிற மருந்தைக் குடித்து, லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவான ஒரே கக்கூஸுக்கு நடந்து நடந்து, மதினி பாதியாகிப் போயிருந்தார்.

சோதனை முடிந்ததும் டாக்டர் படங்களைக் காட்டினார். ஒரே மாதிரி ரத்தமும் வலியும் தருகிற இரண்டு வியாதி இருக்கிறதாம். ஒன்று குடலின் கடைசியில் தொடங்கி இடைவெளி விடாமல் மேலே ஏறும். மற்றது நல்ல இடங்களைத் தாண்டித் தாண்டி அங்கங்கே புண்ணாக்கும், சிறுகுடலையும் விடாது. எதுவென்று தெரிந்தால்தான் மருந்தை முடிவு பண்ணலாம். வெட்ட வேண்டி வந்தாலும், முதலாவதற்குப் பெருங்குடலை எடுத்தால் தொல்லை தீரும்; மற்றது எடுத்தாலும் திரும்பி வரும். மதினிக்குக் கடைசிப் பகுதி நன்றாக இருந்தது, அதற்கு மேலேதான் சிவந்து புண்ணாகிக் கிடந்தது. அப்படியென்றால் திரும்பி வருகிற வியாதி என்றே சந்தேகிக்க வேண்டும் என்றார். நான் இதைத் தமிழில் சொன்னதும் மதினியின் முகம் செத்துப்போனது.

"டாக்டரம்மாகிட்ட ஒன்னு சொல்லணும்," என்றார்.

ஹட்டனில் ஒரு பிரைவேட் டாக்டர், பின்வழியாக வைக்கிற மருந்து கொடுத்திருக்கிறார். ராத்திரி ஒன்று வைக்கச் சொன்னதை, சோதனைக்குத் தேதி கிடைத்த நாளிலிருந்து மதினி காலையிலும் ராத்திரியிலும் வைத்திருக்கிறார். ஐந்து வாரமாக. டாக்டர் பார்க்கும்போது உள்ளே நன்றாக இருக்க வேண்டுமாம்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தோட்டத்தைப் பார்க்கக் கொழும்பிலிருந்து கம்பெனிப் பெரியவர்கள் வருகிறார்கள் என்றால், முந்தின வாரமே மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கு ஆட்களை ரோட்டோரத் தேயிலை நிரைகளுக்கு அனுப்புவார். புல்லைப் பிடுங்கி, தண்ணீர் ஓடுகிற கானை வெட்டி, ரோட்டிலிருந்து தெரிகிற வரைக்கும் எல்லாம் பளிச்சென்று இருக்கும். மேலே மலை காடாய்க் கிடக்கும். வருகிறவர்கள் வாகனத்தை விட்டு இறங்காமலே திருப்தியாகப் போவார்கள். இருபத்து மூன்று வருடம் அதைச் செய்த கை, தன் குடலுக்கும் அதையேதான் செய்திருக்கிறது. மருந்து எட்டுகிற இடம் மட்டும் ஆறி, முதலாவது வியாதியே மற்றதாக வேஷம் போட்டிருக்கலாம்.

டாக்டர் திட்டவில்லை. குடலிலிருந்து எடுத்த சதைத் துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்புவதாகவும், ஆனாலும் மருந்தை நிறுத்தி ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். ரத்தம் கூடினால் தேதி பார்க்காமல் ஓடி வந்துவிட வேண்டும். கடைசியாக அவர் சொன்னதை நான் மதினியிடம் சொன்னேன்.

"அவங்களுக்காக ஒன்னும் சரிபண்ண வேணாமாம். இருக்கிற மாதிரியே வரச் சொல்றாங்க."

ஆறு வாரம் என்றால், ஆறு வாரம் மலையில் ரத்தத்தோடு நிற்க வேண்டும். பிறகு அதே குடிமருந்து, அதே நடை. நினைக்கவே எனக்குக் களைப்பாக இருந்தது. பஸ்ஸில், என்னிடமாவது ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். பஸ் கினிகத்தேனையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"இருக்கிற மாதிரி காட்டுன்னு இதுவரைக்கும் யாரு கேட்டா?" என்றார். பிறகு பையைத் துழாவி, மிச்சமிருந்த மருந்துப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தார். "இத நீயே கொண்டுபோ புள்ள. எங்கிட்ட இருந்தா வச்சிருவேன்."